சிலர் பருப்பதும் சிலர் மெலிந்திருப்பதும் ஏன்?

ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றை உண்டு வளரும் அக்காள் தங்கையரில் ஒருத்தி கொடிபோல் இருக்கிறாள். மற்றவள் பூசினாற்போல் இருக்கிறாள். முன்னவளுக்கு "ஒல்லிக்குச்சி" என்றும் பின்னவளுக்கு "குண்டு" என்றும் பட்டப்பெயர் சூட்டுவதில் நம் வகுப்பறைகள் சளைப்பதில்லை. உறவினரும் விட்டுவைப்பதில்லை. ஒல்லியானவளைப் பார்த்து, "வீட்டில் உனக்குச் சோறு போடுவதில்லையா?" என்று கேட்கும் அத்தைமார், மற்றவளைப் பார்த்து, "கொஞ்சம் வாயைக் கட்டினால் என்ன?" என்கிறார்கள். இவற்றைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்த பெண்கள் சிலர் காலை உணவையே துறந்துவிட்டுப் பள்ளிக்கு வருகின்றனர். மூன்றாம் பாடவேளையில் தலை சுற்றுகிறது என்று மேசைமேல் சாய்கின்றனர். ஆகவே, இப்பொருளைக் குறித்து விஞ்ஞானம் என்ன கூறுகிறது என்பதை இம்மலரில் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது எனக் கருதினோம்.

இந்திய உணவு ஆராய்ச்சியின் தொட்டில் நம் நீலகிரி மாவட்டமே என்பதை நம்மில் பலர் அறியோம். குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918ஆம் ஆண்டு டாக்டர் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய பணிதான் பின்னர் உணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958ஆம் ஆண்டு ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகத் திகழ்கிறது. மக்காரிசன் குன்னூரில் செய்த சோதனை ஒன்று உலகப் புகழ் பெற்றது. ஒரே இனத்து எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் உண்ணும் உணவைக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கனி ஆகியவை கொண்ட சீக்கியரின் உணவை உண்ட எலிகள் நன்கு கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய நம் சென்னை மாகாணத்து உணவை உண்ட எலிகள் எல்லாவற்றிலும் கடைசியாக நின்றன! நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல, ஆயினும் உண்மை.

எலிகள் ஒரே இனம். உணவு மாறியது, உடலும் மாறியது. அப்படியானால், உணவு ஒன்றாயிருந்தால் உடலும் ஒன்றாயிருக்க வேண்டும் அல்லவா? மனிதர்களிடம் அவ்வாறு நடக்கவில்லை.

கனடா நாட்டில் குளோட் பூஷார் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஒரே உருவ இரட்டையரான இளைஞர் பன்னிரண்டு ஜோடிகளைத் தேர்ந்தெடுத்து, நூறு நாட்களில் 84 நாட்கள், அவர்களுடைய தேவைக்கு மேல் தினந்தோறும் 1000 கலோரி உணவை அதிகமாகக் கொடுத்தனர். ஏறக்குறைய பதினைந்து இட்லிகளை வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் உண்பதற்கு இது சமம். 1990ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. எல்லோரும் ஒரே அளவு மிகுதியாக உண்டும், ஒருவர் 4.3 கிலோ மட்டுமே கூடினார், இன்னொருவர் 13.3 கிலோ கூடிவிட்டார். இதைவிட வியப்பு, இரட்டையரில் அண்ணன் எவ்வளவு கூடினானோ, ஏறத்தாழ அந்த அளவே தம்பியும் கூடினான் என்பது. அதிகம் உண்டால் எடை கூடும் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு கூடும் என்பதில் பிறவிக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இதனால் தெளிவாகிறது.

"பிள்ளைகள் பெற்றோரைப் போல் இருப்பது ஒரே சமையலை உண்பதால்தானே?" என்று யாரேனும் கேட்கலாம். நல்ல கேள்வி. டென்மார்க்கில் தத்தெடுத்து வளர்க்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து 1986ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. வளர்ந்து பெரியவர்களான பின் அவர்களுடைய பருமனும் மெலிவும் பெற்ற தாய் தந்தையரை ஒத்திருந்தன. சோறூட்டி வளர்த்தவர்களோடு ஒப்புமை காணப்படவில்லை.

பிறவியில் வரும் இந்த வேறுபாடு உடலில் எவ்விடத்தில் வேலை செய்கிறது? பலரும் நினைப்பது, ஒல்லியானவரின் உடலில் அடுப்பு வேகமாக எரிகிறது, பருமனானவரின் உடலில் அது மந்தமாக எரிகிறது என்று. அளந்து பார்த்தால் நிலைமை வேறு. பெரிய உடல், ஓய்வாக இருக்கும்போதுகூட, சிறிய உடலைவிட மிகுதியாகவே எரிக்கிறது. வேறுபாடு பெரும்பாலும் மூளையில், பசியையும் நிறைவையும் உணரும் இடத்தில் இருக்கிறது. நம் உடலின் கொழுப்புத் திசு, "இருப்பு போதும்" என்று மூளைக்குச் செய்தி அனுப்ப லெப்டின் என்ற சுரப்பைச் சுரக்கிறது. இது 1994ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் வாழ்ந்த பாகிஸ்தானியக் குடும்பத்தைச் சேர்ந்த இரு குழந்தைகளுக்கு இந்தச் சுரப்பு பிறவியிலேயே இல்லை என்று மருத்துவர்கள் கண்டனர். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ! இரண்டு வயதுக் குழந்தையின் எடை 29 கிலோ! அக்குழந்தைகள் ஓயாமல் உணவு கேட்டு அழுதன. லெப்டினை ஊசி மூலம் கொடுத்ததும் பசி அடங்கியது, எடையும் இறங்கியது. அதுவரை அக்குழந்தைகளை எத்தனை பேர் "பேராசை பிடித்த வயிறு" என்று ஏசியிருப்பார்களோ!

இத்தகைய குறை கோடியில் ஒருவருக்கு வருவது. நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பவை சிறு சிறு வேறுபாடுகள். 2007ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் ஒரு வகையைத் தாய் வழியிலும் தந்தை வழியிலும் பெற்ற ஐரோப்பியப் பெரியவர்கள், அதைப் பெறாதவர்களைவிடச் சராசரியாக மூன்று கிலோ மிகுந்திருந்தனர். அவர்களுக்குப் பசி சற்று அதிகம். வயிறு நிறைந்த உணர்வு சற்றுத் தாமதம். பந்தியில் ஒருத்தி "போதும்" என்று இலையை மடிப்பதும், பக்கத்தில் இருப்பவள் இன்னும் ஒரு கரண்டி கேட்பதும் நல்லொழுக்கத்தின் ஏற்றத்தாழ்வு என்று எண்ணிவிட வேண்டாம்.

இனி, நம் மலைவாழ்க்கைக்கு மிக நெருக்கமான ஒரு காரணத்துக்கு வருவோம்.

ஜேம்ஸ் லெவின் என்ற மருத்துவர் அமெரிக்காவில் பதினாறு பேருக்கு எட்டு வாரங்கள், தினமும் 1000 கலோரி வீதம் அதிகமாக உண்ணக் கொடுத்தார். 1999இல் வெளியான முடிவின்படி, ஒருவர் உடலில் ஏறிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை. இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். உணவின் மிகுதி எங்கே போயிற்று? கொழுப்பு ஏறாதவர்கள் தம்மை அறியாமலே அதிகம் அசைந்தனர். எழுந்தனர், நடந்தனர், நின்றனர், கால் ஆட்டினர். உடற்பயிற்சி என்று எதையும் அவர்கள் செய்யவில்லை. (வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் துறுதுறுவென்றிருக்கும் பெண்ணை அதட்டும் ஆசிரியைகள் இதைச் சற்று நினைவில் கொள்வார்களாக.)

நம் நாட்டிலேயே இதற்கு முன்னோடியான ஆராய்ச்சி ஒன்று நடந்தது. மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றைச் சேர்ந்த 213 ஆண்களின் உணவையும் வேலையையும் எடையையும் ஜான் மேயர் என்ற அறிஞரும் அவருடைய இந்தியத் தோழர்களும் ஆராய்ந்து 1956இல் வெளியிட்டனர. இலேசான வேலை செய்வோர் முதல் மூட்டை சுமப்போர் வரை, வேலை ஏற ஏற உண்பதும் ஏறியது. எடை மட்டும் அதிகம் மாறவில்லை. உழைக்கும் உடல் தன் தேவையைத் தானே அறிந்து கேட்டது என்று பொருள். ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் கடும் உழைப்பாளிகளுக்கு ஈடாக உண்டனர். அவர்களே பருத்தும் இருந்தனர். அசைவு ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் பசியின் கணக்கு பிசகிவிடுகிறது போலும்.

மஞ்சூரைச் சுற்றிலும் பார்த்தால் இந்த ஆராய்ச்சி நம் கண்ணெதிரேயே நடப்பதைக் காணலாம். காலையில் இருந்து சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்து, நிறைந்த மூட்டையை எடை போடும் இடத்துக்குத் தூக்கிச் செல்லும் தாய்மார் வயிறார உண்டும் பெரும்பாலும் கட்டான உடலோடு இருக்கிறார்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் தட்டில் சோற்றின் அளவு குறைவதில்லை; நடை மட்டும் குறைந்துவிடுகிறது. ராகிக் களியும் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் உண்டு மேடு பள்ளமெல்லாம் நடந்த படுகர் ஊர்களிலும் இப்போது ஜீப்பும் ஸ்கூட்டரும் வாசலில் நிற்கின்றன. குளிருக்கு இதமாக நாளுக்கு நாலு முறை தேநீர் பருகுகிறோம். ஒவ்வொரு முறையும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால், சர்க்கரையில் இருந்து மட்டுமே சுமார் 160 கலோரி. கூடவரும் வர்க்கியும் பிஸ்கட்டும் இக்கணக்கில் சேரவில்லை. உடலில் உஷ்ணம் உண்டாக்க எரியும் பழுப்புக் கொழுப்பு பெரியவர்களுக்கும் உண்டு என்று 2009இல் நிலைநாட்டப்பட்டது. குளிரில்தான் அது விழித்தெழுகிறது. நாமோ இரண்டு ஸ்வெட்டர் போட்டு அதைத் தூங்கவைத்துவிடுகிறோம்!

ஒல்லியாக இருப்பவர்கள் இதுவரை படித்துவிட்டு நிம்மதி அடைந்திருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு செய்தி புனே நகரில் இருந்து வருகிறது. அங்கே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், சுற்றுவட்டக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை எடை போட்டார். சராசரி 2.7 கிலோ. இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரக் குழந்தைகளோ 3.5 கிலோ. நம் குழந்தைகளின் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. கருவில் இருக்கும்போது போதிய ஊட்டம் கிடைக்காத உடல், தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காத்துக்கொள்கிறது. அதே மருத்துவர் 2004ஆம் ஆண்டு லண்டன் நகர டாக்டர் யட்கினோடு சேர்ந்து "லான்செட்" மருத்துவ இதழில் ஒரு படம் வெளியிட்டார். உயரத்தையும் எடையையும் கொண்டு போடும் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2 விழுக்காடு! மெலிந்த தோற்றமுடைய நம் நாட்டவர்க்கும் சர்க்கரை நோய் வருவதற்கு இது ஒரு காரணம். மேல்நாட்டுக் கணக்கில் 25 என்பது எல்லை. ஆசிய மக்களுக்கு 23இலேயே விழிப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் கூறியதும் இதனால்தான். இந்த எண்கள் வயது வந்தவர்களுக்கு மட்டுமே உரியவை. பள்ளிச் சிறுமியர் இவற்றைக்கொண்டு தம்மை அளந்து கவலைப்படலாகாது; வளரும் பிள்ளைகளுக்கு வயதுவாரியாகத் தனி அளவுகோல் உண்டு.

பூப்படையும் பருவத்தில் பெண்ணின் உடலில் கொழுப்பு கூடுவது இயற்கை. மிக மெலிந்துவிட்டால் மாதவிலக்கே நின்றுவிடுவதும் உண்டு. இப்பருவத்தில் பட்டினி கிடந்தால் முதலில் நடப்பது என்ன? லெப்டின் குறைகிறது, பசி இரு மடங்காகிறது, உடல் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. காலையில் விட்ட இட்லியை மாலையில் பஜ்ஜியும் மிக்சருமாக வட்டியோடு சாப்பிடும் கதை நாம் அறியாததா? தசையும் இரும்புச்சத்தும் போகின்றன. போன எடையோ திரும்பி வந்துவிடுகிறது.

தோற்றத்தை வைத்து இரத்தத்தின் நிலையையும் கூற முடியாது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் எடை மிகுந்தவர்கள். சுமார் பதின்மூன்று பேர் எடை குறைந்தவர்கள். இரத்தச்சோகை உள்ளவர்களோ பாதிக்கு மேல். பருத்தவர், மெலிந்தவர் என்ற வேறுபாடின்றி அது எல்லோரிடமும் இருக்கிறது. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிபவர்கள் கவனிக்க.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிறு வயது முதல் ஒரே சீராக ஒல்லியாகவோ பருமனாகவோ வளர்ந்து, சுறுசுறுப்பாகவும் இருக்கும் பெண்ணைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. திடீர் மாற்றமே கவனிக்கத்தக்கது. நன்றாக உண்டும் சில வாரங்களில் மெலிந்து, அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் இருந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் சளிப் பரிசோதனை தேவை. காரணமின்றி எடை கூடி, சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியவை தோன்றினால் தைராய்டு சுரப்பியைச் சோதிக்க வேண்டும். "மஞ்சூரில் யாருக்குத்தான் குளிரவில்லை?" என்று கேட்டுவிட்டு இருந்துவிடலாகாது. மாதவிலக்கு பல மாதங்கள் தவறி, முகத்தில் ரோமமும் எடையும் கூடினால் அதற்கும் மருத்துவம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையை, பிள்ளை ஒல்லியோ பருமனோ, தவறாமல் விழுங்கச் செய்யுங்கள்.