ஞாயிற்று மின்சாரமும் நாளைய தொழிலும்

தைத்திங்கள் முதல் நாளில் முற்றத்திலே பொங்கலிட்டு ஞாயிற்றுக்கு நன்றி செலுத்தும் வழக்கமுடையோம் நாம். அந்த ஞாயிறே இப்பொழுது நம் வீட்டுக் கூரைகளில் மின்சாரத்தையும் விளைவிக்கின்றது. விளைச்சல் மிகுந்தால் உழவன் மகிழ்வான். ஆனால், 2025ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, கூரைகளிற் சூரியத் தகடு அமைத்திருந்தோர் அவற்றைப் பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையார் கேட்டுக்கொண்டனர். 2022இல் எரிபொருளின்றி நாளொன்றிற் பல மணி நேரம் இருளிற் கிடந்த நாடு, மூன்றே ஆண்டுகளின் பின்னர், விலையின்றிக் கிடைக்கும் வெயிலை வேண்டாமென்றது. இம் முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை உணர்ந்துகொண்டால், சூரிய மின்சாரத் தொழில் இனி எத்திசையிற் செல்லும் என்பதும் ஓரளவு புலனாகும். அதற்கு முன்னர் மின்கலத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை முதன்முதலிற் கண்டவர் எட்மண்ட் பெக்கரெல் என்னும் பிரெஞ்சு நாட்டு இளைஞர். ஆண்டு 1839; அவருக்கு அப்போது வயது பத்தொன்பது. 1883இல் அமெரிக்கராகிய சார்ள்ஸ் பிரிற்ஸ் என்பவர் செலீனியத்தின்மீது மெல்லிய பொற்படலம் பூசி ஒரு கலத்தைச் செய்தார். அதன்மேல் விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்களவே மின்சாரமாயிற்று. செலீனியக் கலத்தை நம்மில் மூத்தோர் பலர் கையிலே வைத்திருந்தும் அறியாதிருந்தனர். புகைப்படம் பிடிக்குமுன் வெளிச்சத்தை அளக்க அவர்கள் கையாண்ட பழைய ஒளிமானியின் உள்ளுறுப்பு அதுவே.

இன்றைய சிலிக்கன் கலத்தின் பிறப்பு ஒரு வெடிப்பிலிருந்து தொடங்குகின்றது. 1940இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ரசல் ஓல் என்பவர், நடுவே வெடிப்புற்றிருந்த ஒரு சிலிக்கன் துண்டின்மீது விளக்கொளி பட்டபோது வியக்கத்தக்க அளவு மின்னழுத்தம் தோன்றக் கண்டார். துண்டின் ஒரு பாகத்தில் ஒருவகை மாசும் மறுபாகத்தில் வேறுவகை மாசும் கலந்திருந்தமையே அதற்குக் காரணம். இதனையே இன்று நாம் வேண்டுமென்று செய்கின்றோம். தூய சிலிக்கனில் அணுவளவு போரன் சேர்த்தால் இலத்திரன் குறைவுற்ற நேர்வகையும், பொசுபரசு சேர்த்தால் இலத்திரன் மிகுந்த மறைவகையும் உண்டாகும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் நிலைத்து நிற்கும். ஒளியின் சத்திச் சொட்டு ஒன்று அவ்விடத்தில் ஓர் இலத்திரனை அதன் பிணைப்பினின்றும் விடுவிக்குமாயின், அப்புலம் அதனை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். வெளியே கம்பி இணைத்தால் ஓட்டம் நிகழும். அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லை; எரிவது யாதுமில்லை; ஓசையுமில்லை.

1954ஆம் ஆண்டு ஏப்பிரலில் அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சேப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் நூற்றுக்கு ஆறு பங்கு ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கன் கலத்தை உலகறியக் காட்டினர். சேப்பின் இத்துறையிற் புகுந்த காரணம் நம் போன்ற நாட்டினர்க்குச் சுவை தருவது. ஈரமும் வெம்மையும் மிகுந்த வெப்ப வலய நாடுகளில் தொலைபேசிக் கருவிகளுக்கு வைத்த உலர் மின்கலங்கள் விரைவிற் பழுதாயின. அவற்றுக்கு மாற்றுத் தேடுமாறு அவர் பணிக்கப்பட்டார். நமது புழுக்கம் கொடுத்த தொல்லையும் சூரிய மின்கலத்துக்கு ஒரு காரணம் என்று நாம் பெருமை பேசிக்கொள்ளலாம்.

ஆயினும் விலையோ கேட்கத் தகாதது. ஒரு வாற்று வலுவுக்கு ஏறத்தாழ 286 டொலர் ஆகுமென்றும், ஒரு வீட்டுக்கு வேண்டிய அளவு அமைப்பதானால் 14 இலட்சம் டொலருக்கு மேற் செல்லுமென்றும் 1956இல் சேப்பினே கணக்கிட்டார். 1958இல் வான்காட் என்னும் செயற்கைக் கோளில் ஆறு சிறு கலங்கள் ஏறின. விலை பாராத இடம் விண்வெளி ஒன்றே. இன்று தகட்டின் விலை வாற்றுக்கு 10 அமெரிக்க சதத்தையொட்டி நிற்கின்றது. உலகில் நிறுவப்பட்ட தகடுகளின் மொத்தம் இரண்டு இலட்சங்கோடி வாற்றை 2024இற் கடந்துவிட்டது. அவ்வாண்டு உலகில் உற்பத்தியான மின்சாரத்தில் நூற்றுக்கு ஏழு பங்களவு சூரியனிலிருந்தே வந்தது.

இவ்வீழ்ச்சிக்கு ஒரு தனிக் கண்டுபிடிப்பைக் காரணமாகக் காட்ட இயலாது. உலகில் செய்யப்பட்ட தகடுகளின் மொத்தம் இரட்டிக்குந்தோறும் விலை ஐந்திலொரு பங்களவு குறைந்து வந்துள்ளது. செய்யச் செய்யக் கை பழகும் என்று நம் தச்சரும் கொல்லரும் கூறுவதே இங்கு வளைகோடாக வரையப்பட்டுள்ளது. ஆனால் பழகிய கை ஒரே நாட்டில் இருக்கவில்லை. அமெரிக்கா கண்டுபிடித்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் யப்பான் ஊக்கியது. 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தினால் ஜேர்மனி இருபது ஆண்டுகளுக்கு நிலையான விலை தருவதாக உறுதி கூறிச் சந்தையைத் திறந்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிறீன் என்பவரிடம் பயின்ற மாணவர் சீனாவுக்குத் திரும்பித் தொழிற்சாலை அமைத்தனர். இன்று சிலிக்கனைத் தூய்தாக்குதல் முதல் தகடு பொருத்துதல் ஈறாக ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கு சீனாவிடமே உள்ளது. அங்ஙனம் வென்றவர்களும் வாழ்ந்தார்களில்லை. ஜேர்மனியின் பெருநிறுவனமாயிருந்த கியூ-செல்ஸ் 2012இல் முறிந்தது. சீனாவின் முன்னோடியாகிய சன்ரெக்கின் முதன்மை நிறுவனம் அடுத்த ஆண்டே முறிந்தது. பொருள் மலிய மலியச் செய்வோன் மெலியும் தொழில் இது. இலங்கை போன்ற சிறு நாடு சிலிக்கன் தூய்தாக்கும் ஆலை வைத்து இவர்களோடு போட்டியிடலாம் என்று மேடைகளிற் கூறப்படுவதை நாம் நம்புவதற்கில்லை.

கலத்தின் திறன் இன்னும் எவ்வளவு உயரும்? இதற்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்துள்ளது. சிவப்புக்கு மிகவும் அப்பாற்பட்ட ஒளிச்சொட்டு இலத்திரனை விடுவிக்கப் போதாது. நீல ஒளியின் சொட்டிலோ வேண்டியதற்கு மேற்பட்ட சத்தி வெப்பமாய் வீணாகும். 1961இல் ஷொக்லி, குவைசர் என்போர் இக்கணக்கை நிறுவினர். சிலிக்கன் கலம் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பங்கைத் தாண்டாது. ஆய்வுகூடத்தில் 27ஐக் கடந்தாயிற்று. கடைக்கு வரும் நல்ல தகடுகள் 22, 23 என்னும் அளவில் உள்ளன. ஆதலின், சிலிக்கனின்மேல் வேறொரு பொருளைப் படலமாக இட்டு, நீலத்தை மேற்படையும் சிவப்பைக் கீழ்ப்படையும் பகிர்ந்துகொள்ளச் செய்கின்றனர். அம் மேற்படைக்குப் பெரொவ்ஸ்கைற்று என்னும் பளிங்கு வகை பொருத்தமானது. யப்பானியராகிய மியசாக்காவும் அவர் மாணவரும் 2009இல் அதனைக் கொண்டு பெற்ற திறன் 3.8 மட்டுமே; 2024இல் இரட்டைப் படைக் கலம் 34.6ஐ எட்டியது. எனினும் ஈரமும் வெப்பமும் இப்பளிங்கைக் கெடுக்கும். அதில் ஈயமும் உண்டு. சிலிக்கன் தகடு இருபத்தைந்து ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்குகின்றது. அத்துணை ஆயுள் புதியதற்கு வாய்த்த பின்னரே அது நம் கூரைக்கு வருதல் தகும்.

இனித் தொடக்கத்திற் கூறிய முரண்பாட்டுக்கு மீள்வோம். நண்பகலில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஏறத்தாழ ஆயிரம் வாற்று வெயில் விழுகின்றது. நல்ல தகடு அதில் இருநூறு வாற்றுக்கு மேல் தரும். யாழ்ப்பாணத்து வெயிலில் நாளொன்றுக்கு ஓர் அலகளவு மின்சாரம் எனக் கொள்ளலாம். வீட்டாருக்கு இக்கணக்குப் போதும். நாட்டுக்கு இது போதாது. மின்சாரம் பிறக்கும் அக்கணமே செலவாதல் வேண்டும். நமது தேவையோ மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரையுமே உச்சியில் நிற்பது. ஞாயிறு அவ்வேளையில் நம்மோடு இல்லை.

2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அலுவலகங்களும் ஆலைகளும் மூடியிருந்தமையால் தேவை குறைவு, வெயிலோ நிறைவு. நாட்டின் தேவையில் ஏறக்குறைய அரைப்பங்கைச் சூரியனே அப்போது கொடுத்துக்கொண்டிருந்ததென மின்சார சபையார் பின்னர் விளக்கினர். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு கம்பியிற் பட்டது. நாடு முழுவதும் இருண்டது. நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் நின்றுபோய், அதனை மீண்டும் இயக்கச் சில நாட்கள் சென்றன. பத்திரிகைகள் குரங்கை நகையாடி அமைந்தன. நாம் ஆராய வேண்டியது குரங்கையன்று, சடத்துவத்தை.

நீர்மின் நிலையத்திலும் அனல்மின் நிலையத்திலும் பல தொன் எடையுள்ள சுழலிகள் ஒருங்கே சுழல்கின்றன. அவற்றின் சுழற்சியே மீடிறனைச் செக்கனுக்கு ஐம்பது என நிறுத்துகின்றது. எங்கேனும் ஒரு பழுது நேர்ந்தால் அக்கனத்த உருளைகள் தம் சடத்துவத்தால் சில செக்கன்கள் தாங்கிக்கொள்ளும். அதற்குள் பிற நிலையங்கள் கைகொடுக்கும். நெல் மூடை ஏற்றிய மாட்டுவண்டி சிறு பள்ளத்தில் விழுந்தெழுந்து செல்வது போல என்க. கூரைத் தகடுகளில் உருளை எதுவுமில்லை. அவற்றின் நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் இன்வேட்டர் வலைப்பின்னலின் தாளத்தைக் கேட்டு அதற்கேற்ப ஆடுவது. தாளம் தப்பினால் தானும் நின்றுவிடும். வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு மிதிவண்டிகளிலே மூடைகளை ஏற்றிய நிலை அன்றைய முற்பகல்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. கலிபோர்ணியாவில் பகலில் தேவை சரிந்து மாலையில் செங்குத்தாக உயரும் கோட்டை, அதன் வடிவு பற்றி, வாத்துக் கோடு என்றே பெயரிட்டழைக்கின்றனர். ஜேர்மனியில் வெயில் மிகுந்த சில நாட்களின் நண்பகலில், மின்சாரத்தை ஏற்றுக்கொள்வோர்க்குப் பணம் கொடுக்கும் நிலை ஏற்படுகின்றது. தகடு மலிந்த அளவுக்கு நண்பகல் மின்சாரத்தின் மதிப்பும் தாழும். ஆதலால் எதிர்காலச் சூரியத் தொழிலின் நடுப்பொருள் மாலைப் பொழுதே என்பது நம் கருத்து.

பகலை மாலைக்குக் கொண்டுசெல்லும் வழிகளில் மின்கலவடுக்கு முந்துகின்றது. இலிதியக் கலவடுக்கின் விலை 2010க்கும் 2024க்கும் இடையில் பத்தில் ஒன்பது பங்களவு வீழ்ந்தது. தென் அவுஸ்திரேலியாவில் மாநிலம் தழுவிய இருளுக்கு அடுத்த ஆண்டாகிய 2017இல், ஹோண்ஸ்டேல் என்னுமிடத்தில் 100 மெகாவாற்றுக் கலவடுக்கு நிறுவப்பட்டது. ஒரு செக்கனின் சிறு பின்னத்திலே விடையளிக்கும் அதன் விரைவு பொறியியலாளரை வியக்கச் செய்தது. 2024 ஏப்பிரலில் கலிபோர்ணியாவின் ஒரு மாலையில், சிறிது நேரம், எல்லா நிலையங்களிலும் மிகுதியாக மின்சாரம் வழங்கியவை கலவடுக்குகளே. தாளத்தைப் பின்பற்றாது தாமே தாளமிடும் இன்வேட்டர்களும் வந்துள்ளன. நம் நாட்டில் மகா ஓயாவில் பகல் மின்சாரத்தால் நீரை மேலேற்றி இரவில் இறக்கும் 600 மெகாவாற்றுத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டுடன் கடல்வழி இணைப்பு என்னும் பேச்சு நெடுநாளையது. 2025 ஏப்பிரலில் அதற்கு ஓர் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. மாணவர் நிலப்படத்தை எடுத்துப் பார்க்க. தமிழ்நாட்டுக்கும் நமக்கும் ஒரே வேளையில் பொழுது சாய்கின்றது. ஆனால் இந்தியாவின் மேற்கெல்லையாகிய கச்சு நமக்குப் பதினொரு பாகை மேற்கே உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாக, அங்கே சூரியன் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பிந்தி மறையும். நம் விளக்கேற்றும் வேளைக்கு அது சிறு பொருளன்று.

லக்ஷபான நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரையாக எழுதி நிறுவினார். அந்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். முப்பத்திரண்டு ஆண்டுகள் அறிவு காத்திருந்தது. இப்போது நிலை தலைகீழாயிற்று. பொருள் வந்து கூரையில் ஏறிவிட்டது. அதனை ஆளும் அறிவுடையார் தொகை போதவில்லை. தகட்டைப் பூட்டுவோர் பலர். மீடிறனைக் கணக்கிடுவோர், கலவடுக்கின் வெப்பத்தைக் காப்போர், நாளை மேகம் எவ்வேளை வருமென்று இன்றே கூறி நிலையங்களை ஒழுங்குசெய்வோர் சிலர். டீசலைப் படகிலேற்றிச் சென்று விளக்கெரித்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் சூரியன், காற்று, கலவடுக்கு ஆகியன கூடிய நிலையங்களை அமைக்க இந்திய அரசின் உதவியுடன் 2022இல் உடன்பாடு காணப்பட்டது. அத்தகைய சிறு வலைப்பின்னல் ஒன்றைச் சீராக நடத்தக் கற்றவன் பெரிய வலைப்பின்னலை நடத்தவும் வல்லவனாவான். நமது பௌதிக ஆசிரியர்கள் உயர்தர மாணவரை ஒருமுறையேனும் அங்கே அழைத்துச் செல்வார்களாயின் பழைய மாணவராகிய நாம் படகுச் செலவை ஏற்க ஆயத்தமாயிருக்கின்றோம்.

இன்னுமொரு தொழில் வரவிருக்கின்றது. அதனை எவரும் இன்னும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆயுள் முடிந்த தகடுகள் 2050ஆம் ஆண்டளவில் உலகில் ஏழு கோடியே எண்பது இலட்சம் தொன் வரை சேரக்கூடுமென 2016இல் மதிப்பிட்டுள்ளனர். கண்ணாடியையும் அலுமினியத்தையும் பிரித்தல் எளிது. சிறிதளவேயான வெள்ளியையும், பற்றாசிலுள்ள ஈயத்தையும், தூய சிலிக்கனையும் கேடின்றிப் பிரித்தெடுத்தல் அரிது. மலிவாகச் செய்யும் முறை இன்னும் ஆய்வுக்குரியதாகவே உள்ளது. நம் ஊர்க் கூரைகளில் இன்று பூட்டப்படும் தகடுகளை அக்காலத்திற் கழற்றி இறக்கவேண்டியவர்கள் இப்போது ஆறாந் தரத்தில் இருக்கின்றார்கள்.