பாஸ்பர் காப்பரை நிறுத்துப் போடுங்கள்

வார்த்த சிலையை அரம் போடும்போது ஊசித்துளைகள் தெரிந்தால், அடுத்த உருக்கில் பாஸ்பர் காப்பரை (பாஸ்பரஸ் கலந்த செம்பை) இன்னொரு பிடி அள்ளிப் போடுகிறார்கள். துளை பெருகுகிறது. அதற்கடுத்த முறை இரண்டு பிடி. மாமல்லபுரம் பக்கம் புதிதாக உலை வைக்கும் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 1957இல் இங்கே தொடங்கிய சிற்பக்கலைக் கல்லூரியில் உலோகச் சிற்பமும் பாடம். ஆகவே மெழுகுக் கரு, மண் பூச்சு, மெழுகு வடிப்பது பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. மூசைக்குள் நடக்கும் கடைசிச் சில நிமிடங்களில்தான் தவறு நேர்கிறது.

உருகிய செம்பு இரண்டு வாயுக்களைக் குடிக்கும்: ஆக்சிஜன், ஹைட்ரஜன். பாஸ்பரஸ் பிடிப்பது ஆக்சிஜனை மட்டுமே. ஹைட்ரஜனை அது தொடாது. ஈரக் கரி, எண்ணெய் பிசுக்குள்ள பழைய செம்பு, சரியாகச் சுடாத அச்சு ஆகியவற்றிலிருந்து வரும் ஹைட்ரஜனுக்கு பாஸ்பர் காப்பர் மருந்தே அல்ல. இன்னும் மோசம், ஆக்சிஜன் நீங்கிய செம்பு ஹைட்ரஜனை முன்னைவிட எளிதாக உறிஞ்சும். மிஞ்சிய பாஸ்பரஸ் அச்சின் ஈரத்தோடு வினைபுரிந்து அங்கேயே புது ஹைட்ரஜனைக் கிளப்பும். கடற்காற்று வீசும் ஊரில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், இதை மறந்தால் வார்ப்பு தப்பாது.

பித்தளை சேரும் கலவைக்குப் பெரும்பாலும் இந்தச் சரக்கே வேண்டாம். சுவாமிமலையில் செம்போடு பித்தளையும் காரீயமும் சேர்த்து உருக்குவது மரபு. பித்தளையில் உள்ள துத்தநாகமே ஆக்சிஜனைப் பார்த்துக்கொள்ளும். செம்பும் வெள்ளீயமும் மட்டும் சேரும் வெண்கலத்துக்கும், தனிச் செம்பு வார்ப்புக்கும்தான் பாஸ்பர் காப்பர். மின்சாரம் பாய வேண்டிய செம்பு உறுப்பு என்றால் கையிலேயே எடுக்காதீர்கள், துளி பாஸ்பரஸும் மின் கடத்தலைக் கெடுக்கும்.

கடையில் பாஸ்பரஸ் 10 சதவீதம், 15 சதவீதம் என இரண்டு வகை கிடைக்கும். எது என்று கேட்டு, டப்பாவின் மேல் எழுதிவையுங்கள். உருக்கின் எடையில் 0.02 சதவீதம் பாஸ்பரஸ் போதும். 20 கிலோ உருக்கு என்றால் 4 கிராம் பாஸ்பரஸ். அதாவது 10 சதவீதச் சரக்கில் 40 கிராம், 15 சதவீதத்தில் 27 கிராம். பிடிக்கணக்கு கூடாது. நகைக்கடைத் தராசு போல ஒரு சிறிய தராசு வாங்கிவிடுங்கள், ஒரு சிலை வீணானால் ஆகும் செலவைவிட அது குறைவு. நான் 10 சதவீதச் சரக்கைத்தான் வாங்குவேன்: நிறுப்பதில் ஒரு கிராம் பிசகினாலும் பாதிப்பு குறைவு.

செம்பை விரைவாக உருக்குங்கள். புளோயர் காற்று சற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும். புகைகிற தீயில்தான் ஹைட்ரஜன் ஏறும். மேலே கரி மூடுவதென்றால் செக்கச்சிவந்த கரியாகப் போடுங்கள்.

இனித்தான் கவனம். முழுதும் உருகியதும் பாஸ்பர் காப்பரில் பாதியைப் போடுங்கள். வெள்ளீயம் அதற்குப் பிறகுதான். முதலில் வெள்ளீயத்தைப் போட்டால் செம்பிலிருக்கும் ஆக்சிஜனை அது பிடித்து, கடினமான துகளாகி வார்ப்பிலேயே தங்கிவிடும். மீதிப் பாதி, ஊற்றுவதற்குச் சற்று முன். இரண்டு முறையும் மேலே தூவாதீர்கள், அங்கேயே எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்விடும். உலை வாயில் சுடவைத்த கிராஃபைட் தண்டின் முனைக் கிண்ணத்தில் வைத்து, மூசையின் அடிவரை அமிழ்த்திக் கலக்குங்கள். வெறும் இரும்புக் கம்பி கூடாது, இரும்பு கரைந்தால் பாஸ்பரஸோடு சேர்ந்து கடினமான பொருளாகும். பாஸ்பரஸ் எரியும் வெள்ளைப் புகை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். காற்று புகையைத் தள்ளும் பக்கம் நிற்காதீர்கள், முகமூடி போடுங்கள். பிறகு கசடை வழித்துவிட்டு ஊற்றுங்கள். யாரோ வருகிறார்கள் என்று மூசையைக் காக்கவைத்தால், போட்ட பாஸ்பரஸ் எரிந்து தீரும்.

ஊற்றுமுன் ஒரு கரண்டி உருக்கை, நன்றாகக் காய்ந்த சிறு அச்சில் விட்டுப் பாருங்கள். ஆறும்போது நடுவில் குழி விழுந்தால் நல்லது. காளான் போல உப்பினால் உள்ளே ஹைட்ரஜன். அப்போது பாஸ்பர் காப்பர் டப்பாவைத் தொடாதீர்கள், சிலையிலும் ஊற்றாதீர்கள். பாளமாக வார்த்து ஆறவைத்து, கரியையும் அச்சையும் மறுபடி உலர்த்தி, காற்று தூக்கலாக வைத்து விரைவாக உருக்குங்கள். ஒரு நாள் போகும், சிலை பிழைக்கும்.

வெட்டியெடுத்த ஊற்றுத் தண்டுகளைப் புதுச் செம்போடு கொட்டிவைக்காதீர்கள். அவற்றில் பாஸ்பரஸ் ஏற்கெனவே இருக்கிறது. தனிக் கூடையில் போட்டு, அடுத்த உருக்கில் அவை பாதி சேர்ந்தால் பாஸ்பர் காப்பரையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.