கால்நடைகளின் புத்தாண்டு

யூதருக்கு ஆண்டுப் பிறப்புகள் நான்கு என்கிறது அவர்களது பழைய சட்டநூலான மிஷ்னா. அவற்றுள் ஒன்று கால்நடைகளுக்குரியது. ஓகஸ்ட், செப்டெம்பரை ஒட்டி வரும் ஏலூல் மாதத்தின் முதல் நாள் அது. மந்தையில் பிறந்தவற்றை எண்ணிப் பத்தில் ஒன்றை இறைவனுக்கு ஒதுக்குவதற்காக ஏற்பட்டது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தது. காலப்போக்கில் அந்நாளும் மறக்கப்பட்டது.

இந்த நூற்றாண்டில் அமெரிக்க யூதர் சிலர் அதற்கு மீண்டும் உயிரூட்டியுள்ளனர். விலங்குகளையும் மண்ணையும் போற்றும் புதிய ஆசிமொழிகளையும் மன்றாட்டுக்களையும் இயற்றி ஓதுகின்றனர். ஏலூல் மனமாற்றத்தின் மாதம். ஆகவே, முன்னோர் மந்தையை எண்ணிய நாளில், இவர்கள் தாம் உயிர்களை நடத்திய விதத்தை எண்ணிப் பார்க்கின்றனர்.

மன்றாட்டு புதிது, வேரோ பழையது. ஓய்வுநாள் மாட்டுக்கும் கழுதைக்கும் உரியது என்பதை விடுதலைப் பயண நூலில் (23:12) காண்கிறோம். விலங்குக்குத் தீனி வைக்குமுன் தான் உண்ணலாகாது என்று தல்மூத் கற்பிக்கிறது. புத்தாடை அணிபவரை வாழ்த்தும் யூதர், புதிய தோற்செருப்பு அணிபவரை அவ்வாறு வாழ்த்துவதில்லை. அதற்காக ஓர் உயிர் மாண்டதல்லவா!

அன்பார்ந்த வாசகரே, ஆசிமொழி உதட்டோடு நின்றால் பயனில்லை. உணவுக்கு நன்றி கூறி அமருமுன், உங்கள் தொழுவத்து மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா?