கோடு தொடங்கும் இடம்

அன்புள்ள தம்பி,

விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு, மங்களூர் வீட்டிலிருந்தே பீங்கான் கோப்பைகளுக்கு மவுஸால் பூ டிசைன் வரைகிறாய். கோடு ஓட்டத்தில் நன்றாக வருகிறது, தொடக்கத்தில் மட்டும் கொக்கி விழுகிறது என்று எழுதியிருந்தாய். மவுஸ் இன்னும் வழுக்க வேண்டும் என்பது உன் முடிவு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஓடுகிற மவுஸை ஓட்டுவது எளிது. நிற்பதைக் கிளப்பத்தான் அதிக விசை வேண்டும். இந்த இரண்டுக்கும் இடைவெளி கூடினால், அழுத்தித் தள்ளிய கையை மீறி மவுஸ் பாய்ந்துவிடும். கொக்கி விழுவது அதனால்தான். 1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்ளானில் அந்த இடைவெளி மிகக் குறைவு. மவுஸின் அடியில் அதைப் பட்டைகளாக ஒட்டுவது வெறும் வழுக்கலுக்காக மட்டுமல்ல.

மவுஸைக் கவிழ்த்துப் பார். மக்காச்சோளம் அடிக்கும் நாட்களில் உங்கள் ஊர்த் தூசி சும்மா இருக்காது. பட்டைகளின் ஓரத்தில் அடையாய்ப் படிந்திருக்கும். ஈரத்துணியால் துடை. பட்டை தேய்ந்திருந்தால் மாற்று. வியர்வை ஊறிய துணிப் பேடை சோப்பு நீரில் அலசி, நிழலில் விரித்துக் காயவை. கேரம் பவுடர் மட்டும் வேண்டாம், சென்சாரில் போய் அடைந்துகொள்ளும். உள்ளங்கையையும் மவுஸ்மேல் சாய்க்காதே. அதன் எடை 100 கிராம் அளவுதான். கையின் பாரம் அதைப்போலப் பல மடங்கு, உராய்வும் கூடவே ஏறும்.

அந்தப் பட்டைகளுக்குப் பதிலாகக் கிளேஸ் போட்ட பீங்கான் சில்லுகளை நீயே சுட்டு ஒட்டும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கடைப் பட்டை 1 மி.மீ. தடிமன்கூட இருக்காது. அவ்வளவு மெல்லிய களிமண் சூளையில் கோணும். எல்லாச் சில்லும் ஒரே அளவில் சுருங்காது. ஒன்று உயர்ந்தால் மவுஸ் ஆடும். எல்லாமே உயர்ந்தால் சென்சாருக்குப் பேடு சரியாகத் தெரியாது. ஆகவே தடிமனாகவே சுட்டு, கிளேஸ் முகத்தைத் தொடாமல், ஒட்டப்போகும் முதுகுப் பக்கத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் சிலிக்கான் கார்பைடு தூளில் தேய்த்து மட்டமாக்கு. உருகிய கிளேஸ் ஓரத்தில் தானாகவே உருண்டிருக்கும். அந்த உருட்சிதான் துணியைக் கிழிக்காமல் காக்கும். பளபளப்பான மேசைமேல் ஓட்டினாயோ, மேசை போச்சு.

நுணுக்கமாக வரைபவனுக்கு நான் டெஃப்ளானைத்தான் சொல்வேன். பீங்கான் வேகமாக ஓடும், நிறுத்துவது சிரமம்; கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிற பையன்களுக்கு அது பிடிக்கலாம். இருந்தாலும் செய்து பார். செய்தால் எனக்கும் ஒரு செட் அனுப்பு, என்னிடம் இருப்பது துணிப் பேடுதான்.

அன்புடன்,
அண்ணன்