‘ஷைத்தான்’ என்ற சொல்லின் பொருள் என்ன?



திருக்குர்ஆன் ஓதத் தொடங்கும்போது ஷைத்தானைவிட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறோம். அதே நாவால், சோற்றுத் தட்டைக் கவிழ்த்துவிட்ட பிள்ளையை “சைத்தானே!” என்று திட்டுகிறோம். அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தால் பிள்ளையைப் பார்த்து அதைச் சொல்ல நாக்கு கூசும்.

அரபு மொழி அறிஞர்கள் இதற்கு இரண்டு வேர்களைச் சொல்கிறார்கள். ஒன்று ‘ஷதன’, அதாவது தூரமானான், விலகிப் போனான். கிணற்றில் வாளியை இறக்கும் நீண்ட கயிற்றுக்கு அரபியில் ‘ஷதன்’ என்று பெயர். ஆழமான கிணற்றை ‘ஷதூன்’ என்பார்கள். எட்டாத தூரம் என்ற கருத்து இவை எல்லாவற்றிலும் இருக்கிறது. அப்படியானால் ஷைத்தான் என்றால் நன்மையைவிட்டும் அல்லாஹ்வின் ரஹ்மத்தைவிட்டும் வெகுதூரம் போய்விட்டவன்.

மற்றொரு வேர் ‘ஷாத’, எரிந்தான் என்று பொருள். நெருப்பால் படைக்கப்பட்டவன் என்பதால் இதுவும் பொருந்தத்தான் செய்கிறது. ஆனாலும் முதல் கருத்தே மிகச் சரியானது என்கிறார் இமாம் இப்னு கஸீர் (ரஹ்). இலக்கண மேதை ஸீபவைஹியின் விளக்கத்தை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். ஷைத்தானின் வேலையைச் செய்பவனை அரபிகள் ‘தஷைத்தன’ என்பார்கள். ‘ஷாத’ வேராக இருந்திருந்தால் ‘தஷய்யத’ என்றல்லவா சொல்லியிருப்பார்கள்? ஒரேயொரு ‘ன’ எழுத்து வழக்கைத் தீர்த்துவிடுகிறது!

நாம் தமிழில் இதைச் சாதாரணமாகப் ‘பேய்’ என்று சொல்லிவிடுகிறோம். செத்தவர் ஆவியாக அலைவதைத்தான் ஊரில் பேய் என்பார்கள். ஷைத்தான் அதுவல்ல. ஜின் என்பது ஓர் இனம். கண்ணுக்கு மறைந்திருப்பதால் அந்தப் பெயர். தாயின் வயிற்றில் மறைந்திருக்கும் சிசுவை ‘ஜனீன்’ என்பதும் அதே வேரிலிருந்துதான். இப்லீஸ் அந்த ஜின் இனத்தைச் சேர்ந்தவன் (18:50). ஜின்களில் நல்லவர்களும் உண்டு (72:11). ஷைத்தான் என்பதோ இனத்தின் பெயரல்ல, நிலையின் பெயர். அதனால்தான் மனிதர்களிலும் ஷைத்தான்கள் இருப்பதாக அல்லாஹ் கூறுகிறான் (6:112). நயவஞ்சகர்கள் தனியே போய்ச் சந்தித்த அவர்களுடைய தலைவர்களையும் ‘ஷைத்தான்கள்’ என்றே குர்ஆன் குறிப்பிடுகிறது (2:14).

இப்போது அந்தச் சோற்றுத் தட்டுக்கு வருவோம். “அந்த அர்த்தத்திலா சொன்னேன் ஹஜ்ரத், கோபத்தில் வந்துவிட்டது” என்பீர்கள். சரிதான், மனதார யாரும் சொல்வதில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு எதிராக துஆ செய்யாதீர்கள், அது கேட்டது கொடுக்கப்படும் நேரமாக அமைந்துவிடக்கூடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி முஸ்லிமில் இருக்கிறது. ரஹ்மத்தைவிட்டுத் தூரமானவனே என்று பெற்ற பிள்ளையை அழைப்பது துஆவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது!

அப்படியானால் தட்டு கவிழும்போது என்னதான் சொல்வது? நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் ஒரு தோழர் வாகனத்தில் அமர்ந்து சென்றார். வாகனம் இடறியது. ஷைத்தான் நாசமாகட்டும் என்றார் அவர். அப்படிச் சொல்லாதீர், அவன் ஒரு வீட்டளவு பெருத்து, என் பலத்தால்தான் நடந்தது என்பான். பிஸ்மில்லாஹ் சொல்லும், அவன் ஈயளவு சிறுத்துவிடுவான் என்று நபியவர்கள் திருத்தினார்கள் (அபூதாவூத்).