கக்குற பிள்ளை தக்குமா?

ஒரு தேக்கரண்டிப் பாலை வெள்ளைத் துண்டில் ஊற்றிப் பாருங்கள். 5 மில்லிதான், ஆனால் துணியில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவி நிற்கும். 'குடிச்சது அத்தனையும் வெளிய வந்துடுச்சு' என்று வீடு பதறும்போது பெரும்பாலும் கண்ணில் படுவது அந்த உள்ளங்கை அகலம்தான். கைக்குழந்தை கக்குவதைப் பற்றி நம் வீடுகளில் உலவும் முக்கால்வாசிப் பேச்சு இந்தத் துணிக் கறையைப் பார்த்தே பிறக்கிறது. பார்க்க வேண்டியது கறையை விட்டுவிட்டுப் பிள்ளையை.

பிறந்த குழந்தையின் உணவுக்குழாய் 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம்தான். அதன் அடியில், இரைப்பையின் வாயில் இருக்கும் சுருக்குத்தசை அவ்வப்போது தானாகத் தளர்ந்துகொடுக்கும். பெரியவர்களுக்கும் தளரும், நமக்கு ஒரு ஏப்பத்தோடு போய்விடும். குழந்தையோ நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறது, திரவம் மட்டுமே குடிக்கிறது. 5 கிலோ குழந்தை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 750 மில்லி பால் குடிக்கும். அதே விகிதத்தில் 60 கிலோ ஆள் குடிப்பதானால் 9 லிட்டர். 9 லிட்டரைக் குடித்துவிட்டு மல்லாந்து படுத்தால் யாருக்கும் மேலே வரத்தான் செய்யும்.

'கக்குற பிள்ளை தக்கும்'

பாட்டிமார் சொல்வதில் முதலில் இதற்கு மதிப்பெண் போட்டுவிடலாம். சிகாகோ வட்டாரத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் குழந்தைகளின் பெற்றோரைக் கேட்டு 1997இல் வெளியான ஆய்வு ஏறக்குறைய இதையே சொன்னது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேர் தினம் ஒரு முறையாவது கக்கினார்கள். நாலாம் மாதத்தில் அது 67 சதவீதம் வரை ஏறியது. பத்து, பன்னிரண்டு மாதத்தில் வெறும் 5 சதவீதம். உட்காரப் பழகி, திட உணவுக்கு மாறும்போது தானாக அடங்கிவிடுகிறது. கக்கிவிட்டுச் சிரிக்கிற, அடுத்த வேளைக்கு ஆர்வமாகப் பால் தேடுகிற, எடை ஏறுகிற குழந்தைக்கு மருந்தும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம்.

'எடை ஏறுகிற' என்பதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொள்ள வழி சுலபம். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் தடுப்பூசிக்குப் போகிறோமே, அப்போதே எடை போட்டு அட்டையில் குறிக்கச் சொல்லலாம். முதல் மூன்று மாதம் நாளுக்குச் சராசரியாக 25, 30 கிராம் ஏறினால் உள்ளே போகவேண்டிய பால் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

'பால் புளிச்சுப்போச்சு, தாய்ப்பால் சேரல'

கக்கியது தயிர்த் தயிராக, புளித்த வாடையோடு வந்தால் இந்தத் தீர்ப்பு உடனே வந்துவிடும். பால் தாயின் மார்பில் கெடுவதில்லை. இரைப்பைக்குப் போய்ச் சிறிது நேரம் அமிலத்தோடு இருந்த பால் திரிந்துதான் வரும். குடித்தவுடனே கக்கினால் பாலாகவே வரும். செரிமானம் நடக்கிறது என்பதைத் தவிர அதில் வேறு சேதி இல்லை. ஆனால் இந்த ஒரு சொல்லால் தாய்ப்பால் நின்று புட்டியும் பால்மாவும் ஏறிய வீடுகள் நிறைய. போதாக்குறைக்குப் பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியம் வேறு: காரம் கூடாது, காய் கூடாது, பூண்டும் ரசமும் மட்டும். அவள் சாப்பிட்ட மிளகாய் பிள்ளையின் வயிற்றில் எரிவதில்லை.

ஒரு விலக்கு உண்டு. பசும்பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு, தாய் குடிக்கும் பால், தயிர், டீ வழியாகச் சிறிதளவு புரதம் தாய்ப்பாலில் கடந்து வந்து தொந்தரவு தரலாம். விடாத கக்கலோடு தோலில் கரப்பான், மலத்தில் சளியும் ரத்தக் கீற்றும், எடை தேக்கம் எல்லாம் சேர்ந்தால் மருத்துவர் இதை நினைப்பார். தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால் பொருட்களை அடியோடு நிறுத்திப் பார்க்க வேண்டும், அவளுக்குக் கால்சியம் தனியாக வேண்டும், குறைந்தால் மறுபடி சேர்த்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இது மருத்துவர் மேற்பார்வையில் செய்கிற சோதனை. தெருவில் கழுதையைப் பிடித்துக்கொண்டு வந்து ஒரு சங்கு கறந்து கொடுப்பவரிடம் இதற்கு விடை இல்லை. காய்ச்சாத பால் கைக்குழந்தைக்கு நோய்க்கிருமியை நேராக ஊட்டுவது.

'சீர் தட்டியிருக்கு, உரம் விழுந்திருக்கு, தொக்கம் எடுக்கணும்'

ஊருக்கு ஊர் பெயர் மாறும், ஆள் மாறுவதில்லை. குழந்தையைப் புடவையில் போட்டு இரண்டு பேர் முனையைப் பிடித்து உருட்டுவார்கள், அது உரம் எடுப்பது. வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, அல்லது தொண்டைக்குள் விரலை விட்டு, 'பாருங்க, இதுதான் அடைச்சிட்டு இருந்துச்சு' என்று ஏதோ ஒரு துணுக்கைக் காட்டுவார்கள், அது தொக்கம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் இரண்டு மாதக் குழந்தையின் வயிற்றில் பருப்புத் தோல் எப்படி வந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

எடுத்த மறுநாள் குழந்தை அமைதியாக இருந்தது என்பார்கள். இருந்திருக்கும். குழந்தையின் அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே தணிகிறது. கக்கலும் ஒரு நாள் போல் ஒரு நாள் இராது. மிக மோசமான நாளில்தான் நாம் ஆளைத் தேடி ஓடுகிறோம். அதற்கு அடுத்த நாள் எப்படியும் கொஞ்சம் தேவலையாகத்தான் இருக்கும். பெயர் அவருக்கு.

திருஷ்டி கழிப்பதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, பிள்ளை மேல் எதுவும் படாதவரை. தொண்டைக்குள் விரல் விடுவது அப்படியல்ல. மென்மையான தசை கிழியும், வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும், நகத்திலிருக்கும் கிருமி உள்ளே இறங்கும். கழுத்து நிற்காத குழந்தையை உருட்டுவதும் உலுக்குவதும் ஆபத்து. இவற்றைவிடப் பெரிய நஷ்டம், உண்மையிலேயே அடைப்பு இருக்கிற குழந்தைக்கு இரண்டு நாள் வீணாவது.

'ஒரு மூடி கிரைப் வாட்டர் கொடு, வசம்பு உரசி வை'

கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே ஆல்கஹால். குழந்தைகள் ஏன் சொக்கித் தூங்கின என்பதற்கு அந்தக் கடைசிச் சரக்கே போதும். இப்போது ஆல்கஹால் இல்லை. கக்கலைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. வசம்பின் கதை இன்னும் விசித்திரம். நம் மருத்துவ மரபிலேயே வாந்தி எடுக்க வைக்கப் பயன்பட்ட சரக்கை, வாந்தி நிற்க நாக்கில் தடவுகிறோம். அதிலிருக்கும் அசரோன் என்ற பொருள் விலங்குச் சோதனையில் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968இலேயே அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. கையில் வளையலாகக் கட்டுகிறீர்களா, பிள்ளை வாயில் போடாதவரை கட்டிக்கொள்ளுங்கள். ஓமத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை வேண்டவே வேண்டாம். கெட்டியாகக் கொடுத்தால் வயிற்றில் தங்கும் என்று ராகிக் கூழைப் புட்டியில் கரைப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

'மல்லாக்கப் போட்டா புரையேறிடும்'

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். எதுக்களிக்கும் குழந்தையையும் தூங்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். மேலே வந்த பால் காற்றுக்குழலுக்குள் ஏற வேண்டுமானால் ஈர்ப்பை எதிர்த்து ஏற வேண்டும். குப்புறப் போட்டால் நிலைமை தலைகீழ். பிரிட்டனில் 1991இல் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்ற பிரச்சாரம் தொடங்கியபின், தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போயிற்று. புரையேறிச் சாவது அதனால் கூடவில்லை.

தலைக்குத் தலையணை, சாய்வுப் படுக்கை இரண்டாலும் பயனில்லை. குழந்தை சரிந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சே தடைப்படும். தூளியிலும் அதே வளைவுதான். பால் குடித்த கையோடு தூளியில் போட்டு ஆட்டினால் வயிறு மடங்கி, குடித்தது மேலே வரும். இரவுத் தூக்கத்துக்குச் சமதளமான, கெட்டியான பாய் விரிப்பே நல்லது.

'அசிடிட்டிதான், சொட்டு மருந்து போட்டா சரியாகிடும்'

பாட்டிகளை மட்டும் குறை சொல்லிவிட்டு மருந்துக்கடையை விட்டுவிடுவது நியாயமில்லை. அழுகிற, கக்குகிற குழந்தைக்கு அமிலம் குறைக்கும் மருந்து எழுதுவது இப்போது கிரைப் வாட்டரின் இடத்தைப் பிடித்துவிட்டது. 2009இல் வெளியான ஆய்வொன்றில் 162 குழந்தைகளில் பாதிப் பேருக்கு லான்சோபிரசோல், மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்து. இரு பக்கமும் 54 சதவீதம் பேர் தேறினார்கள். அப்பட்டமான சமநிலை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது: நெஞ்சுச் சளித் தொற்று போன்ற கடும் தொந்தரவுகள் நிஜ மருந்து குடித்தவர்களிடம் அதிகம். இரைப்பை அமிலம் கிருமிக்கு எதிரான காவல். காவலை எடுத்தால் விளைவு இருக்கும். மேலும் இந்த மருந்து கக்குவதை நிறுத்துவதே இல்லை, மேலே வருவதன் புளிப்பைத்தான் குறைக்கிறது.

மருந்து தேவைப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள். உணவுக்குழாய் புண்ணானவர்கள், பிறவியிலேயே உணவுக்குழாய் அடைபட்டு அறுவை செய்தவர்கள், நரம்புக் குறைபாடு உள்ளவர்கள். அவர்களுக்கும் நான்கு முதல் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து மறுபரிசீலனை. போன தடவை எழுதிய சீட்டை வைத்துக் கடையில் திரும்பத் திரும்ப வாங்குவது வைத்தியமாகாது.

'எல்லாப் பிள்ளையும் கக்கும், நீதான் ஓவரா பயப்படற'

இதுவும் மூடநம்பிக்கைதான். ஒவ்வொரு வேளையும் முதுகை வில்லாக வளைத்து, கழுத்தை முறுக்கி, மார்பில் வாய் வைத்தவுடன் தலையைத் திருப்பிக்கொண்டு அலறும் குழந்தையோடு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இப்படிச் சொல்வது கொடுமை. கடுமையான எதுக்களிப்பு உண்டு. அதற்கு மாய மருந்து இல்லை, ஆனால் நாளைத் தள்ளச் சில வழிகள் உண்டு. ஒரே மூச்சில் வயிறு முட்டக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே ஏப்பம் எடுக்கவிட்டுக் கொடுக்கலாம். கக்கியதை ஈடுகட்ட உடனே திரும்ப ஊட்டாதீர்கள். பால் பீய்ச்சி அடித்தால் தாய் பின்னால் சாய்ந்துகொண்டு ஊட்டலாம். டயப்பரைப் பால் கொடுக்குமுன் மாற்றிவிட்டால், குடித்தபின் காலைத் தூக்கி வயிற்றை மடக்க வேண்டியதில்லை. குடித்து முடித்ததும் இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடியுங்கள். இந்த வேலைக்குத் தாய்தான் வேண்டும் என்றில்லை. அப்பாவின் தோள், தாத்தாவின் தோள் எதுவும் ஆகும். இரவு இரண்டு மணிக்கு அந்த அரை மணி நேரத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டால் அவளுக்கு அது தூக்கம். அழுகை தாங்க முடியாத கட்டத்தில் குழந்தையைப் பாயில் மல்லாக்கப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் வெளியே வந்து நிற்பதில் தவறில்லை. உலுக்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு மேல் அவள் எதிலும் பிடிப்பில்லாமல் அழுதுகொண்டே இருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டியது அவளையும்தான்.

இனி, காத்திருக்கக் கூடாதவை. பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் அது குடல் முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். அந்த நிமிடமே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிறந்து இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் ஒவ்வொரு வேளையும் எட்டி விழும்படி பீய்ச்சி வாந்தி, வாந்தி எடுத்த கையோடு மறுபடி பசி, நாளுக்கு நாள் இளைப்பு என்றால் இரைப்பையின் வெளிவாசல் தடித்திருக்கலாம். ஆண் குழந்தைகளுக்கு நாலு மடங்கு அதிகம் வருவது. அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடும், ஜெர்மானிய அறுவை மருத்துவர் ராம்ஸ்டெட் 1911இல் தொடங்கிவைத்த சிறிய அறுவையே இன்றும் செய்யப்படுகிறது. வாந்தியில் ரத்தம், காய்ச்சல், உச்சிக்குழி புடைத்தல், துவண்டு கிடத்தல், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லாதது, மூச்சு நின்று நீலம் பாரித்தல், எதுவானாலும் 108. ஆறு மாதத்துக்கு மேல் புதிதாகக் கக்கத் தொடங்கினாலும் காட்ட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது எடை அட்டையோடு கைபேசியில் எடுத்த வீடியோவும் இருக்கட்டும். பால் குடித்தபின் குழந்தை முறுக்கிக்கொள்வதைச் சிலர் வலிப்பு என்று பயப்படுவார்கள். எதுக்களிப்பால் வரும் இந்த முறுக்கலுக்குச் சாண்டிஃபர் என்று பெயரே உண்டு. தலைகீழாகவும் நடக்கும். நாலு முதல் ஏழு மாதத்துக்குள், தூங்கி எழும்போது, கையும் தலையும் முன்னால் வெடுக்கென்று மடங்கி விட்டு விட்டு வரிசையாக வந்தால் அது ஒருவகை வலிப்பு, வயிற்று வலி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். 1841இல் டாக்டர் வெஸ்ட் தன் சொந்த மகனிடம் பார்த்து எழுதிய நோய் அது. வாயால் விவரித்தால் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். அரை நிமிட வீடியோவில் மருத்துவருக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.