பட்டுப்பூச்சி விடு தூது

அன்னம், மயில், கிளி, முகில், பூவை, சகி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனத் தூது செல்லும் பொருள்கள் பத்தென்பர் நம் இலக்கண நூலார். இப்பத்தினையும் வகுப்பிற் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் மாணவனொருவன் கேட்ட வினாவுக்கு நாம் சரியான விடை கூறத் தவறினோம். அக்கடனைத் தீர்த்தல் வேண்டுமென்னும் எண்ணமே, தமிழாசிரியராகிய எம்மை விஞ்ஞானத்தின் எல்லையுள் அடியெடுத்து வைக்கத் தூண்டியது.

அம்மாணவன் கூட்டுப்புழு ஒன்றை அட்டைப் பெட்டியில் வைத்துப் பேணி வந்தான். அதிலிருந்து பூச்சி வெளிப்பட்ட இரவு கழிந்து பொழுது புலர்ந்தபோது, அதே இனப் பூச்சிகள் இரண்டு பெட்டியின் வெளிப்புறத்தே ஒட்டிக்கொண்டிருந்தனவாம். “ஐயா, இவற்றுக்குத் தூது சென்றது பத்தில் எது?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. “விளக்கொளியை நாடி வந்திருக்கும்” என்றோம். “அந்த அறையில் விளக்கு இல்லையே, ஐயா” என்றான். நேரமாயிற்றென்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தோம்.

இதே வினா, பிரான்சு நாட்டிற் பூச்சிகளை ஆராய்ந்து புகழ்பெற்ற ஃபாபர் (1823–1915) என்பாரையும் வருத்தியது. அவருடைய வீட்டிற் பெரிய அந்துப்பூச்சி இனமொன்றின் பெண் கூட்டினின்றும் வெளிப்பட்ட அன்றிரவே, ஏறத்தாழ நாற்பது ஆண்பூச்சிகள் இருளைக் கடந்து வந்து சேர்ந்தன. ஃபாபர் எம்மைப் போல் வினாவைத் தள்ளிவிட்டாரல்லர். காற்றுப் புகாத பெட்டியிற் பெண்பூச்சியை அடைத்தார்; ஆண்பூச்சிகள் வரவில்லை. சிறிது இடைவெளி விட்டார்; வந்தன. பின்னர் வேறோர் இனப் பெண்பூச்சியைக் கண்ணாடி மூடியின்கீழ்க் கண்காண வைத்தார். வந்த ஆண்பூச்சிகளோ அதனைப் பொருட்படுத்தாது, அது முன்னைய இரவைக் கழித்த இடத்தையே மொய்த்தன. எனவே பார்வை அன்று, மணமே தூது எனத் துணிய இடமுண்டாயிற்று. ஆயினும் மனித மூக்குக்கு அங்கே யாதொரு மணமும் புலப்படவில்லை. கடுநெடியுள்ள பொருள்களை அறையிற் பரப்பியபோதும் பூச்சிகள் வழி தவறவில்லை. இஃது எத்தகைய மணம் என்னும் ஐயம் அவரளவில் முற்றாகத் தீரவில்லை.

அவ்வையத்தைத் தீர்த்தவர் யேர்மனிய இரசாயன அறிஞர் அடோல்ஃப் பூட்டனான்ட். ஓமோன்கள் பற்றிய ஆய்வுக்காக 1939 இல் நோபல் பரிசுக்குரியவரானவர் இவர். அந்நாளைய யேர்மனிய அரசு தடுத்தமையாற் போர் முடிந்த பின்னரே பதக்கம் அவர் கை சேர்ந்தது. பட்டுப்பூச்சியின் தூதுப் பொருளைத் தனியே பிரித்தெடுக்க அவர் தொடங்கிய முயற்சி பேர்லினில் ஆரம்பித்து, போரினால் தியூபிங்கனுக்குப் பெயர்ந்து, மியூனிச்சில் நிறைவுற்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.

அவர் கையாண்ட முறை மாணவர் ஊன்றி நோக்கற்பாலது. பெண்பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள சுரப்பிகளை வெட்டியெடுத்துக் கரைசலாக்கினர். அக்கரைசலிற் பல பொருள்கள் கலந்திருந்தமையாற் பகுதி பகுதியாகப் பிரித்தனர். எப்பகுதியில் அப்பொருள் உளது என்பதை அறியும் கருவி யாது? ஆண்பூச்சியே கருவி! கண்ணாடிக் கோலைக் கரைசலில் தோய்த்து ஆண்பூச்சியின் உணர்கொம்புகளுக்கு அண்மையிற் பிடித்தனர். அது சிறகடித்தால் பொருள் உண்டு, வாளாவிருந்தால் இல்லை. சிறகடித்த பகுதியை மட்டும் எடுத்து மீண்டும் பிரித்தனர். இவ்வாறு ஏறத்தாழ 5,00,000 பெண்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து இறுதியிற் கிடைத்தது 6 மில்லிகிராம் அளவேயாம். ஒரு மில்லிகிராமுக்கு எண்பதினாயிரம் பூச்சிகள் வேண்டியிருந்தன என்க.

1959 இல் முடிவு வெளியாயிற்று. அப்பொருள் ஓர் அற்ககோல். அதன் மூலக்கூறு ஒன்றில் 16 காபன் அணுக்களும், 30 ஐதரசன் அணுக்களும், ஓர் ஒட்சிசன் அணுவும் உள்ளன. பட்டுப்பூச்சியின் விஞ்ஞானப் பெயராகிய பொம்பிக்ஸ் என்பதனையொட்டிப் பொம்பிக்கோல் எனப் பெயரிட்டனர். அதே ஆண்டிலேயே, ஓர் உயிர் வெளிவிட்டு அதே இனத்து மற்றோருயிரின் நடத்தையை மாற்றும் இத்தகைய பொருள்களுக்குப் பெரமோன் என்னும் பொதுப்பெயரைக் கார்ல்சன், லூஷர் என்னும் இருவர் வகுத்தனர். கிரேக்க மொழியிற் சுமந்து செல்லுதல், தூண்டுதல் எனப் பொருள்படும் சொற்களின் சேர்க்கை அது. தூது என்னும் நம் சொல்லுக்கு அஃது எத்துணை அண்மையது!

பொருளைக் கண்டறிந்ததோடு அவர்கள் அமைந்துவிடவில்லை. பொம்பிக்கோலின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் இரண்டு உள. ஒவ்வொன்றும் இருவகையாய் அமையக்கூடுமாதலின் நான்கு வடிவங்கள் உண்டாகும். நான்கினையும் ஆய்வுகூடத்திற் செயற்கையாக ஆக்கிச் சோதித்தனர். அணுக்களின் எண்ணிக்கை நான்கிலும் ஒன்றே. ஆயினும் ஒரு வடிவத்துக்கு மட்டுமே ஆண்பூச்சி இயற்கைப் பொருளுக்குப் போலச் சிறகடித்தது. ஏனையவற்றை அதனினும் பன்மடங்கு மிகுதியாகக் கொடுத்தாலன்றி அசையவில்லை. எழுத்துகள் அவையேயாயினும் அடுக்கு மாறிற் சொல்லின் பொருள் மாறுவதை நாம் அறிவோம். கடல் வேறு, கல்ட வேறு. பின்னதற்குப் பொருளே இல்லை. இயற்கையும் இவ்வாறே தன் எழுத்தைத் திருத்தமாக எழுதுகின்றது.

இஃது ஏட்டறிவோடு நிற்பதொன்றன்று. நம் நாட்டுத் தென்னைகளின் குருத்தையும் தண்டையும் குடைந்து அழிக்கும் செவ்வண்டின் பெரமோன் 1993 இல் அறியப்பட்டது. செயற்கையாக ஆக்கிய அப்பொருளைச் சிறு உறையில் இட்டு வாளியிலே தொங்கவிட, வண்டுகள் தாமே வந்து வீழ்கின்றன. வண்டுவிடு தூதினை மனிதன் இடைமறித்தலே இப்பொறியின் தத்துவம்.

மாணவச் செல்வர்க்கு நாம் கூற விழைவது ஒன்றே. ஃபாபருக்கு இருந்தவை பெட்டியும் கண்ணாடி மூடியுமே. அம்மாணவனிடமும் அவை இருந்தன. இல்லாது போனது, “தெரியாது; நாளை பெட்டியை மூடி வைத்துப் பார்ப்போம்” என்று கூறும் ஆசிரியரே. தெரியாததைத் தெரியாதென ஒப்புதல் ஆசிரியருக்கு இழிவன்று. ஒவ்வாத விடையால் வினாவை அடைப்பதே இழிவு. இதனை நாம் கற்றது ஒரு மாணவனிடத்தே.

அவர் இன்று இக்கல்லூரியின் பழைய மாணவருள் ஒருவர். இவ்விழா மலர் அவர் கையையும் எட்டும். தம்பி, உமது வினாவுக்கு விடை இதுவே. காலந் தாழ்த்தமையைப் பொறுத்தருள்க. வினவும் மாணவரும், வினாவைப் போற்றும் ஆசிரியரும் நிறைந்து எம் கல்லூரி நீடூழி வாழ்க!